தட்டோரத்தில் ஒரு துண்டு

"உனக்கு சுகர் இருந்தா என்ன? இன்னிக்கு பிரெஞ்சு கோழி ஸ்டூ உண்டு!" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார் கணவர்.

"மாவு கரைச்சு ஊத்துவீங்களே?" என்றாள் மனைவி.

"கிடையாது. காளானும் கிரீமும் போட்டுக் கொதிக்க விட்டா தானா கெட்டியாயிடும். உருளைக்கிழங்குக்குப் பதிலா காலிஃபிளவர். உனக்குத்தான் கிழங்கே பிடிக்காதே, நஷ்டம் ஒண்ணுமில்ல."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நான் சமைச்ச ஹோட்டலுக்குச் சாப்பிட வருவியே, கோழியைக் காலி பண்ணிட்டு கிழங்கை மட்டும் தட்டோரத்துல ஒதுக்கி வைப்ப. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாளாவது ஸ்டூவுல கிழங்கு போட்டிருப்பேனா?"

"எனக்கு உருளைக்கிழங்குன்னா உசுருங்க."

கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "அப்புறம் ஏன் ஒதுக்கினே?"

"மிச்சம் வச்சாத்தானே சமையல்காரர் வெளியே வந்து, 'ஏங்க, பிடிக்கலையா?'ன்னு கேப்பார்!"

"அடிப்பாவி! இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையே!"

பரிமாறிவிட்டு உள்ளே போனவர், பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டுத் திரும்பி வந்தார். துடைத்து வைத்த மாதிரி தட்டு காலியாக இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு காலிஃபிளவர் துண்டு. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, மெல்லக் கேட்டார்:

"ஏங்க, பிடிக்கலையா?"