வெர்னாவின் உரத்தண்ணீர்

அளவுமானியின் முள் மறுபடியும் பூஜ்யத்துக்குச் சரிகிறது. கான்சாஸ் வெயிலில், வெர்னாவின் நாற்றுப்பண்ணை வாசலில் வருடாந்திரச் சோதனைக்கு வந்த டுவைட், பித்தளை வால்வில் அளவுமானியை மாட்டி மண்டியிட்டிருக்கிறார். வால்வுக்குள் இரண்டு கதவுகள். இரண்டும் தண்ணீரை முன்னால் மட்டுமே விடவேண்டும்; முள் சரிந்தால் ஏதோ ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று பொருள். மூடாவிட்டால், ஊர்க்குழாயில் அழுத்தம் குறையும் நாளில் பண்ணையின் உரத்தண்ணீர் பின்னோக்கி ஓடி அக்கம்பக்கத்துக் குழாய்களில் கலந்துவிடும். வேலிக்கு அப்பால் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் குழாயில் வாய்வைத்துக் குடித்துச் சிரிக்கிறார்கள்.

"போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு, டுவைட்?"

"நடுவுல யாராச்சும் கை வச்சாங்களா, மேடம்?"

"பனிக்காலத்துல வால்வுக்கு முன்னாடி மூட்டு கசிஞ்சுது. நான்தான் கழட்டி, கசிவு அடைக்கிற வெள்ளை டேப் சுத்துனேன்."

"எவ்வளவு?"

"ஒரு சுருள் பூரா."

"குழாய்க்கு ஸ்வெட்டரே போட்டுவிட்டுட்டீங்க!"

சிரித்தபடி தண்ணீரை அடைத்து வால்வு மூடியைக் கழற்றுகிறார். முதல் கதவின் ஈர ரப்பரில் நகத்தளவு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறது. வெர்னா பிள்ளைகள் பக்கம் திரும்புகிறாள்.

"அப்போ... அவங்க குடிச்சது?"

"நல்ல தண்ணிதான். ரெண்டாவது கதவு இறுக்கமா இருக்கு, ஒரு சொட்டும் போகல."

"நீ நல்லா இருப்பே, டுவைட்," என்கிறாள். அவர் டேப்பை எடுத்து, ரப்பரைக் கழுவி மாட்டியதும் முதல் கதவும் முழுதாக மூடிக்கொள்கிறது. முள் இறங்காமல் நிற்கிறது.