நீங்க மலையாளமா?

"இடியப்பத்துக்குச் சொதியோ, சம்பலோ? கெதியாச் சொல்லுங்கோ" என்றாள் ரஜனி.

சென்னையிலிருந்து பாரிஸின் லா சப்பல் தெருவுக்கு வந்திருந்தவர் சிரித்தார். "கெதியாவா? அப்படின்னா என்னங்க? நீங்க மலையாளமா?"

ரஜனி தட்டைப் படாரென்று மேசையில் வைத்தாள்.

"கெதியா எண்டா சீக்கிரம். இது யாழ்ப்பாணத் தமிழ். இந்தத் தெரு முழுக்க இப்பிடித்தான் கதைக்கினம். விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ. பகிடி பண்ணாதேங்கோ!"

பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். "சாரிங்க" என்றவர் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

உணவகத்தின் முதலாளி சாரதாதேவி ரஜனியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சிரித்தார்.

"எடியே, அந்த மனிசன் சரியாத்தானே கேட்டவர்? நீ திருவனந்தபுரத்து மலையாளிதானே! இந்தத் தமிழே இஞ்சை வந்து என்னட்டைத்தானே பழகினனீ."

"அதுக்கு? ஒருத்தற்ரை பேச்சைப் பார்த்து ஆரும் சிரிக்கக் கூடாது. ஊரிலையும் நான் ஒருத்தரையும் சும்மா விட்டதில்லை, அக்கா."

"அங்கை ஆர் சிரிச்சது?"

"கொச்சி ஆக்கள். நான் எங்கடை ஊர் மலையாளத்தில வாய் திறந்தாப் போதும், சிரிச்சுக்கொண்டு கேப்பினம்: 'நீ தமிழோ?'"