காற்று புகும் இடம்

முகமூடியின் துளையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, ராமக்காள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

ரப்பர் குழிந்து கன்னத்தோடு ஒட்ட வேண்டும். கையை எடுக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. கன்னத்தோரம் சில்லென்று காற்று புகுந்தது.

இதுவும் போயிற்று. கழற்றி, பழுதானவை கிடந்த சாக்கின் மேல் போட்டாள். தகரப் பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசி முகமூடி அது.

வெளியே காலைச் சங்குக்கு ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் பாறைக்கல்லை மாவாக அரைத்து, மொரப்பூரில் ரயிலேற்றிக் கண்ணாடி ஆலைகளுக்கு அனுப்பும் மில் அது. மாவு கோலப்பொடியைவிட நைசாக இருக்கும். மூக்கில் ஏறுவது தெரியாது. இறங்கியது திரும்பி வராது.

அவள் புருஷன் மாதையன் அரவை எந்திரத்தின் வாயருகே நின்று வேலை செய்தவன். அப்போது முகமூடி கிடையாது, துண்டுதான். கடைசியில் விளக்கை ஊதி அணைக்கக்கூட மூச்சில்லாமல் பாயோடு பாயாகச் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் முதலாளி பம்பாயிலிருந்து முகமூடிகளை வரவழைத்தார். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்.

ஆட்கள் அதை நாய்மூஞ்சி என்பார்கள். அவள் சிரித்ததில்லை.

பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல, வெதுவெதுப்பான தண்ணீரில் மடிப்பு மடிப்பாகத் துடைப்பாள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும், நிழலில்தான் உலர்த்துவாள். ஆணியில் மாட்டினால் பட்டை தொய்யும், பெட்டியில்தான் மல்லாத்தி வைப்பாள். உள்ளேயிருக்கும் பஞ்சு வில்லையை நனைக்கக் கூடாது. அதைச் சுவரோடு தட்டி, ஒட்டியிருக்கும் மாவை வாயால் ஊதி எடுப்பாள்.

எல்லாம் முடிந்தபின் இந்தச் சோதனை. தேறாததைத் தரவே மாட்டாள். ஓட்டை முகமூடி துண்டைவிட மோசம் என்பது அவள் கணக்கு. துண்டு கட்டியவன் பயந்து தள்ளி நிற்பான். ஓட்டை முகமூடி போட்டவன் பயமில்லாமல் பக்கத்தில் போவான்.

சில மாதங்களாக முகமூடிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டே வந்தன. இந்த வருஷத்து வெயில் அப்படி என்று நினைத்தாள். முகமூடி கிடைக்காதவர்கள் துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். போன வாரத்திலிருந்து அவர்களில் அவள் தம்பி தீர்த்தகிரியும் ஒருவன்.

நேற்று அவன் சோற்றுத்தட்டின் முன்னால் இருமினான். சின்ன இருமல்தான்.

மாதையனுக்கும் முதலில் சின்ன இருமல்தான்.

மேஸ்திரி சென்னப்பன் வாசலில் வந்து நின்றார். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை என்றதும் குரல் ஏறியது. புது முகமூடி பொங்கலுக்கு அப்புறம்தான் வரும், அதுவரை மில்லை இழுத்து மூடச் சொல்கிறாயா என்றார். முன்னேபின்னே இருந்தாலும் எடுத்துக் கொடு என்றார்.

"எம் புருசன் வாயில கடைசித் தண்ணி ஊத்தின கை இது, மேஸ்திரி. ஓட்டைய நல்லதுன்னு தராதுங்க."

அவர் பின்னால் நின்ற தீர்த்தகிரி, கழுத்தில் ஈரத்துண்டோடு சிரித்தான். "அக்கா மாப்ள பாக்கற மாதிரி பாக்குதுங்க. ஒண்ணும் தேறாது."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து விளையாட்டாக முகத்தில் வைத்தான். அவள் செய்வதுபோலவே துளையைக் கையால் பொத்தி மூச்சை இழுத்தான்.

ரப்பர் குழிந்து ஒட்டியது. கையை எடுக்கும்வரை அசையாமல் நின்றது.

இன்னொன்றை எடுத்தான். அதுவும் நின்றது.

அவள் சற்றுமுன் கழற்றிப் போட்டதை எடுத்தான். அவள் மூச்சின் ஈரம் அதில் இன்னும் காயவில்லை. அதுவும் நின்றது.

இத்தனை நாளும் நல்ல சரக்கைச் சாக்கில் போட்டு வைத்திருக்கிறாளே என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். சாக்கோடு வாரிக்கொண்டு போய் வெளியே ஆட்களுக்குக் கொடுத்தார்.

ராமக்காள் காலியான தகரப் பெட்டியைப் பார்த்தாள். துண்டு கட்டிக்கொண்டு போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவள்தான் அனுப்பினாள். தன் கூடப்பிறந்தவனையும் அவள்தான் அனுப்பினாள். ரப்பரில் கோளாறில்லை என்றால், காற்று எந்த வழியாக வந்தது?

தீர்த்தகிரி மட்டும் போகாமல் நின்றான். கையில் வைத்திருந்த கடைசி முகமூடியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

தினமும் பார்க்கிற முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள். இப்போது பார்த்தான். கன்னத்தில் சதை இல்லை. எலும்புக்குக் கீழே விரல் வைத்தால் உள்ளே போகும்போல் குழி. போன தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. புருவத்தில், உதட்டோரத்தில், ஊதிய மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. மேஸ்திரியிடம் பேசியது இரண்டு வார்த்தை. அந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

அவன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது.

சங்கு ஊதியது.

அவன் கிட்டே வந்து முகமூடியை அவள் முகத்தில் வைத்தான். பட்டையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் இழுத்தான். மறுபடி இழுத்தான். மயிர் சிக்கி வலித்தது. ரப்பரின் விளிம்பு எலும்பில் அழுந்தியது. இன்னும் இழுத்தான். அவள் கையை எடுத்து, துளையின் மேல் அவனே வைத்தான்.

"இழு, அக்கா."

இழுத்தாள். இரண்டு கன்னத்தோரமும் காற்று சில்லென்று புகுந்தது.

"நிக்குதா?"

நிற்கிறது என்று ராமக்காள் தலையை ஆட்டினாள்.