ஒரு வார விடுப்பு

ரத்த அறிக்கையைப் பார்த்ததும் சிஸ்டர் பேனாவை மூடி வைத்தாள்.

எதிரே நின்றிருந்தவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இன்றைக்குக் கீமோ இல்லை.

"வெள்ளணு கவுண்டு மூவாயிரமாவது வேணும்க்கா. ஆயிரத்து எண்ணூறுதான் இருக்குது. டாக்டர் அடுத்த திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க."

முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள ரொம்பவே பாடுபட்டாள்.

உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

ஏழு நாள். வாயில் இரும்புச் சுவை இருக்காது. தாளிக்கிற வாசனைக்குக் குடலைப் பிடுங்காது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சுருண்டு கிடக்காமல் எழுந்து உட்கார்ந்திருக்கலாம்.

கணவர் வெள்ளியங்கிரி கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். விசைத்தறிக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர். அவர் வரட்டும் என்று பெஞ்சில் சாய்ந்தாள்.

எதிரே கீமோ அறைக் கதவு திறந்து கிடந்தது. அவளுடைய ஜன்னலோர நாற்காலியில் இன்று வேறொருத்தி. தொங்கும் பையிலிருந்து அவள் கைக்கு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"வேகமா வளர்ற எதையும் இந்த மருந்து விடாதும்மா. கட்டியையும் அடிக்கும், முடியையும் அடிக்கும், ரத்தத்தையும் அடிக்கும். நல்லது எந்திரிச்சுக்கும். கட்டி எந்திரிக்கிறதுக்குள்ள அடுத்த அடி விழணும். அதுக்குத்தான் இந்த மூணு வாரக் கணக்கு."

அன்றைக்குத் தலையாட்டியதோடு சரி. முடி போகுமே என்ற கவலையில் வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை.

இப்போது ஏறியது.

விடுப்பு அவளுக்கு மட்டுமில்லை. கட்டிக்கும்தான்.

கை தானாக இடது மார்புக்குப் போனது. எலுமிச்சை அளவு இருந்தது, நெல்லிக்காயாகச் சுருங்கியிருந்தது. இந்த ஏழு நாளில் அது என்ன செய்யும்?

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து சிஸ்டரிடம் போனாள்.

"இருக்கற கவுண்டுக்கே போட முடியாதுங்களா? நான் தாங்கிக்குவனுங்க."

"இதுல போட்டா ஒரு சளிக்காச்சல் வந்தாக்கூட ஒடம்பு தாங்காதுக்கா. கவுண்டு ஏர்றதுக்குக் குடுத்த ஊசி அஞ்சும் போட்டீங்கதான?"

"போட்டனுங்க."

பொய். இரண்டுதான் போட்டாள்.

அந்த ஊசி போட்டால் இடுப்பெலும்பை உலக்கையால் இடிப்பதுபோல் வலி. கணவர் தறிக்குப் போனபிறகு பக்கத்துக் கிளினிக்கில் அவளே போய்ப் போட்டுக்கொள்வது வழக்கம். மூன்றாம் நாள் கிளினிக்கைத் தாண்டி வாய்க்கால் மேட்டுக்குப் போனாள். நான்காம் நாளும் போனாள். ஐந்தாம் நாளும். மூன்று ஊசியும் தண்ணீரோடு போயின. கவுண்டு இறங்கினால் இறங்கட்டும், ஒரு வாரம் ஆளை விடுவார்கள் என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளையின் புத்திதான்.

வெள்ளியங்கிரி படியேறி வந்தார். சிஸ்டரே விஷயத்தைச் சொன்னாள்.

அறிக்கையை வாங்கி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப்போனது.

"தப்பு எம்மேலதானுங்க சிஸ்டர்."

அவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஊசிய ஐஸ் டப்பால வெச்சுக் கொண்டுபோகச் சொன்னீங்க. பஸ்ஸு பாதி வழில நின்னு போச்சுங்க. ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள ஐஸ் பூராம் தண்ணியாயிருச்சு. சொன்னாப் பயந்துக்குவாளேன்னு தொடச்சு ஃபிரிட்ஜுல வெச்சுட்டனுங்க. கெட்டுப்போன ஊசியத்தான் இவ போட்டிருக்கறா."

தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய மனிதர். இப்போது பேசிய குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"டாக்டர்கிட்ட நானே சொல்லிப்போட்டு வந்தர்றனுங்க."

டாக்டர் அறைப் பக்கம் நடந்தார். அவள் பின்னாலேயே இரண்டடி போனாள்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கதவில் கை வைத்தார்.

"ஏனுங்க," என்றாள். "நில்லுங்க."