படத்துக்கு ஒரு குழி

தன் காதில்தான் ஏதோ தப்பாக விழுந்துவிட்டது என்று முதலில் நினைத்தாள்.

"கொஞ்சமாத் தோண்டினாப் போதும்மா. அடியில தண்ணி தெரியணும், அவ்வளவுதான்" என்றார் நந்தகோபன். தொண்டு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து படம் எடுப்பதற்காக வந்திருந்தவர்.

அவர் தோண்டச் சொன்னது பழைய குழியை.

அடிபம்பு வருவதற்கு முன்னால் இந்த மலாவிக் கிராமம் அந்தக் குழித் தண்ணீரைத்தான் குடித்தது. மாடுகளும் அதையே குடித்தன. போன மழைக்காலத்தில் எஸ்னாத்தின் கடைசி மகள் அதைக் குடித்துவிட்டு, மூன்றே நாள் வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்தாள்.

நந்தகோபனுக்கு மொழிபெயர்க்க நின்ற அவள் தங்கியிருந்தது எஸ்னாத் வீட்டில்தான். சிவகங்கையிலிருந்து தன்னார்வத் தொண்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மக்காச்சோள மாவைக் கட்டியில்லாமல் கிண்டவும், அவர்கள் மொழியில் சண்டை போடவும் எஸ்னாத்திடம்தான் கற்றுக்கொண்டாள். பம்பைச் சுற்றித் தளம் போடுவதற்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தார்கள்.

பம்பில் தண்ணீர் வந்த அன்று பெண்கள் யாரும் ஆடவில்லை. நேராகக் குழிக்குப் போனார்கள்.

முதல் கூடை மண்ணை எஸ்னாத் கொட்டினாள்.

சாயங்காலத்துக்குள் குழி மூடிவிட்டது.

"முதல் வாரம் நீங்கதானே படம் அனுப்பினீங்க? இந்தம்மா குழியில தண்ணி மொள்ற மாதிரி. அதைப் பார்த்துத்தான் இந்தப் பம்புக்கே நன்கொடை வந்துச்சு. ஆனா போன்ல எடுத்தது, பெரிசாப் போட்டா உடையுது. முன்பு ஒண்ணு, பின்பு ஒண்ணு, ரெண்டுலயும் அதே முகம் வேணும். இந்தப் புதுத் துணி வேண்டாம்னு சொல்லுங்க. கிழிஞ்சது ஏதாவது இருக்கும்ல?" என்றார் நந்தகோபன், பம்படியில் நின்ற எஸ்னாத்தைக் காட்டி.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவரைப் பார்த்தா, அந்தப் படத்தை அனுப்பிய தன்னை நினைத்தா, தெரியவில்லை.

"அவங்க பிள்ளையைத் தின்ன குழி சார் அது. இதையெல்லாம் நான் மொழிபெயர்க்க மாட்டேன்."

நந்தகோபன் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அப்ப காலுமாவை விட்டுருவோம். அடுத்த பம்பு அந்த ஊருக்குத்தான். படம் இல்லாம நான் எதைக் காட்டிக் கேக்கிறது?"

காலுமா. பேசியதில் அந்த ஒரு சொல் எஸ்னாத்துக்குப் புரிந்தது. பம்படியில் நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் தங்கை காலுமாவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மூன்று பிள்ளைகள். அங்கேயும் குழிதான்.

"அவர் என்ன கேக்கிறார்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஐந்து மாதம் ஒரே சட்டியில் சாப்பிட்ட பிறகு வாய் வரவில்லை. ஒன்று விடாமல் சொன்னாள். துணி விஷயத்தைக்கூட.

எஸ்னாத் வாளி நிறையும்வரை பம்பை அடித்தாள். பிறகு வீட்டுக்குள் போனாள்.

வெளியே வந்தபோது தோள் கிழிந்த சட்டை போட்டிருந்தாள். கையில் மண்வெட்டி.

மண் இன்னும் இறுகியிருக்கவில்லை. சுலபமாக வெட்டுப்பட்டது.

மற்றப் பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். யாரும் பாடவில்லை. பாட்டில்லாமல் அவர்கள் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை.

இடுப்பளவு ஆழத்தில் சேறு கசிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊறியது.

நந்தகோபன் கேமராவைத் தூக்கினார்.

அவள் போய்க் குழியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா."

அவள் அசையவில்லை.

"உங்களைத்தாம்மா."

அந்தக் கேமராவைப் பிடுங்கிச் சேற்றில் போட்டு மிதிக்க வேண்டும்போல் இருந்தது.

குழிக்குள்ளிருந்து எஸ்னாத்தின் குரல் வந்தது. தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நகரு மகளே. மழைக்கு முன்னாடி அங்க பம்பு வரணும்."

அவள் நகர்ந்தாள்.

"வெளிச்சம் அருமையா விழுது" என்றார் நந்தகோபன்.