கருவாயன் குரைத்த திசை

மற்ற நாய்கள் உள்ளே வருகிறவரைப் பார்த்துக் குரைக்கும். செங்கல் சூளைக் கருவாயனை மட்டும் வெளியே போகிறவரைப் பார்த்துக் குரைக்கப் பழக்கியிருந்தார் முதலாளி. அவன் குரைத்தால் ஆட்கள் கம்போடு ஓடி வருவார்கள். அங்கே அடைபட்டுக் கல் அறுத்த இருளர் குடும்பங்கள் கேட்டைத் தாண்டியதே இல்லை. ஆனாலும் அவர்களில் ஒருத்தியான கன்னியம்மா தன் கஞ்சியில் அவனுக்கும் கொஞ்சம் ஊற்றுவாள்.

ஒருநாள், அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்திருந்த செல்போன் கருவாயனைக் கூப்பிட்டது.

"கருவாயா, கன்னியம்மா பேசிப் பதிஞ்ச பேச்சும் இந்த இடத்தோட லொக்கேஷனும் என்கிட்ட இருக்கு. இங்க டவர் இல்ல. ரோட்டு மேட்டுக்குக் கொண்டுபோனா, கொத்தடிமைகளை மீட்கிற சங்கத்துக்கு அனுப்பிடுவேன்."

"வெளிய போனா என்னைப் பாத்து நானே குரைக்கணுமே," என்று கவலைப்பட்டான் கருவாயன்.

"என்னை வாயில கவ்விக்கோ. அப்புறம் எப்படிக் குரைப்ப?"

அது நியாயமாகப் பட்டது. கவ்விக்கொண்டு போய், செய்தி போனதும் அப்படியே திரும்பினான்.

மறுநாள் அதிகாரிகளின் ஜீப் வந்தது. உள்ளே வருகிறவர்கள்தானே என்று வாலாட்டினான். குடும்பங்கள் மூட்டைகளோடு வெளியேறியபோது, தொண்டைவரை வந்த குரைப்பை விழுங்கிக்கொண்டான்.

"நீயும் வாடா," என்றாள் கன்னியம்மா.

கேட்டைத் தாண்டியும் பழக்கம் விடவில்லை. யாரைப் பார்த்தாவது குரைத்தே ஆகவேண்டும். கருவாயன் திரும்பி நின்று, உள்ளே நின்ற முதலாளியைப் பார்த்துக் குரைத்தான்.