கடல் ஏறினால் எங்கே போகும்?

"கடல் ஏறி வந்தால் உந்தக் கொட்டிலெல்லாம் எங்க பிள்ளை போகும்?"

மாரிக்கு முன்னர் பேசாலைக் கரையில் நின்று சுற்றுலா அதிகாரி தில்லைநாதன் இப்படித்தான் கேட்டிருந்தார். கிருஷாந்தி மணலைப் பார்த்துச் சிரித்தாள். உல்லாசப் பயணிகளுக்கென்று அவளும் புருஷன் ரொபின்சனும் கட்டிய ஓலைக் கொட்டில்கள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

பேசியதெல்லாம் தாய் செபஸ்தியம்மாதான். ஹோட்டலுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் மருமகன் வேலை தேடிக் கட்டாருக்குப் போக வேண்டியதுதான், பாஸ்போட்டும் எடுத்தாயிற்று. ஊருக்குத் திரும்பி வந்த கையோடு மறுபடி ஆளுக்கொரு திசையா என்று முறையிட்டாள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போன அதிகாரி, இப்போதுதான் வருகிறார். புயல் அடித்து ஓய்ந்திருந்தது.

கரையில் ஒரு தடிகூட இல்லை. கழுவித் துடைத்த கோப்பை மாதிரிக் கிடந்தது மணல். தில்லைநாதனுக்குச் சங்கடமாகிவிட்டது. சொன்னது பலித்தாலும் சந்தோஷப்பட முடியாத விஷயம்.

விசாரித்துக்கொண்டு கோயில் வளவுக்குப் போனார். மேட்டு நிலத்தில், பனைகளுக்கு நடுவே கொட்டில்கள் நெருக்கமாக நின்றன. யுத்த காலம் முழுக்க இப்படிக் கொட்டில்களைப் பார்த்த கண்களுக்கு ஒரு பார்வையே போதும்: பாவம், சனம் திரும்பவும் அகதியாகிவிட்டது. அவற்றில் ஒன்றின் வாசலில் ஒரு வெள்ளைக்காரர் பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

"தொண்டு நிறுவனக்காரர் நிவாரணத்தோட வந்திட்டினமோ?" என்று எதிரே வந்த செபஸ்தியம்மாவிடம் கேட்டார்.

"அவர் புயலுக்கு முதலே வந்தவர் ஐயா. உள்ளுக்கு வாங்கோ," என்று செபஸ்தியம்மா கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

ஓலைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அகதிக் கொட்டிலில் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். மேலே நுளம்பு வலை. கூரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அந்த நிலைமையிலும் இவ்வளவு துப்புரவா என்று அவருக்கு மனம் இளகியது. கிருஷாந்தி தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

யுத்தத்துக்கு ஓடி மடுவில், இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில், திரும்பவும் மடுவில் என்று தாங்கள் பட்ட பாட்டையெல்லாம் செபஸ்தியம்மா சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்.

"நாங்கள் வீடு கட்டினதைவிடக் கழற்றினதுதான் கூட ஐயா. இவள் தொட்டிலில கிடந்த காலத்திலயே கயிறு முடியப் பழகினவள்."

தில்லைநாதன் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, தொண்டையைச் செருமினார். "மருமகனைக் கட்டாருக்கு ஆயத்தப்படச் சொல்லுங்கோ அம்மா. எனக்கும் கவலைதான். புயலுக்குத் தப்பக்கூடிய ஹோட்டல் ஒண்டு காட்டியிருந்தால் நான் இந்த இடத்திலயே கையெழுத்து வைச்சிருப்பன்."

"மாதா மேல சத்தியமா?"

"எனக்குப் பிள்ளையார். அவர் அறிய."

செபஸ்தியம்மா மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். வெளியே கயிறு சுற்றிக்கொண்டிருந்த ரொபின்சன், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூரைப் பக்கம் வந்தான்.

"அப்ப கொஞ்சம் எழும்புங்கோ ஐயா," என்றாள் செபஸ்தியம்மா. "காத்து விழுந்திட்டுது. அந்த வெள்ளைக்காரர் பின்னேரத் தேத்தண்ணியைக் கடலைப் பாத்துக்கொண்டுதான் குடிக்கவேணுமாம். நீங்கள் இருக்கிறது எங்கட ஹோட்டலில அவற்ற பக்கத்து அறை."

தில்லைநாதன் எழும்பியதும் கிருஷாந்தி ஒரு முடிச்சை இழுத்தாள். அவர் சாய்ந்திருந்த சுவர் முழுசாகக் கழன்று வந்தது. அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் கடற்கரையை நோக்கி நடந்தாள்.